மணி அடிக்கும் பொறுப்பு

ஆம்பூர்
1934 மார்ச் 14, புதன்கிழமை

என்றும் என் பிரியத்துக்குரிய தேவகிக்கு,

சலேத்மேரி எழுதிக்கொள்வது. இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதல் காரியமாக ஒரு வெண்கல மணியின் நாக்கைப் பழந்துணியால் சுற்றிக் கட்டினேன். கைப்பிடி வைத்த பள்ளிக்கூட மணி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் கூடத்து மேஜைமேல் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்க்காமல் நகருவதில்லை. நேற்று ஞானப்பூ அம்மாள் ஆட்டினாள். பால்காரன் ஆட்டினான். இவர் பல் விளக்கிக்கொண்டே வந்து ஆட்டினார். மௌனத்தைத் தொடங்கி வைப்பதற்காக வந்த மணி, வந்த நாள் முதல் வாய் மூடவில்லை. அதனால்தான் கட்டினேன்.

உன் கடிதம் கிடைத்தது. ரங்கூனிலிருந்து உன் வீட்டுக்காரருக்கு மாற்றல் வரும் என்றாயே, என்ன ஆயிற்று? மகளுக்குக் காய்ச்சல் விட்டதா? கடல் தண்ணீர் பட்டதுபோல் உன் எழுத்து கொஞ்சம் கலைந்திருந்தது. அழுதுகொண்டு எழுதியதல்ல என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்குப் புதிதாக நோய் ஒன்றும் இல்லை. பாலாறு மணலாகக் கிடக்கிறது. ஆவாரம்பட்டைத் தூசியும் தோல் நாற்றமும் ஊர்மேல் வழக்கம்போல் படர்ந்திருக்கின்றன. மனிதர்களும் வழக்கம்போல் இருக்கிறார்கள், அதாவது சகிக்க முடியவில்லை.

மணி எதற்கு என்று கேட்பாய். எங்கள் வேதத்தில் ஞான ஒடுக்கம் என்று ஒன்று உண்டு. சுவாமிமாரும் கன்னியாஸ்திரிகளும் வருஷத்துக்கு ஒரு முறை சில நாட்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பார்கள். பிரசங்கம் கேட்பார்கள், செபம் செய்வார்கள், தங்கள் ஆத்துமத்தைத் தாங்களே பிரித்துப் பார்ப்பார்கள். கடைசியில் தங்கள் பாவங்களைக் குருவிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து எழுந்து போவார்கள். குடும்பப் பெண்களுக்கு இந்தப் பக்கத்தில் இதுவரை அது நடந்ததில்லை. நாற்பது நாள் நோன்பான இந்தத் தபசுகாலத்தில்தான் முதல் தடவை. நாளை வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு பூசை வரைக்கும். ஆலங்காயம் போகிற பாதையில், மலையடியில், கன்னியர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளைக் காலி செய்துவிட்டு எங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

சும்மா இருப்பதற்கு இத்தனை ஏற்பாடு தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மாதா சபைப் பெண்கள் ஒரு மாதமாகக் கல்யாண வீட்டுக்காரிகள்போல் அலைகிறார்கள். தபசுக்கு ஏற்ற நிறம் என்று வாணியம்பாடியில் ஊதாப் புடவைகள் எடுத்தாயிற்று. ஒரே நிறத்தில் எடுத்தால் யாருடையது உசத்தி என்று தெரியாமல் போய்விடும் அல்லவா, அதனால் கரைகள் மட்டும் வேறு வேறு. முழங்காலுக்கு இலவம்பஞ்சுத் திண்டு தைத்தாயிற்று. ஊறுகாய் ஜாடி, நெய்ப்புட்டி, தலைவலித் தைலம், எல்லாம் தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. பேசாமல் எப்படிக் காரியம் நடக்கும் என்று சைகைகள் பழகுகிறார்கள். தண்ணீருக்கு ஒரு சைகை, காபிக்கு ஒன்று, சர்க்கரை போதாத காபிக்கு இன்னொன்று, விசிறுவதற்கு ஒன்று. யோசித்துப் பார்த்தேன்: வேலைக்காரிக்குக் காட்ட வேண்டிய சைகை தவிர வேறு ஒன்றையும் இவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

ஞானப்பூ அம்மாளைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன், சப்ரிஜிஸ்திரார் மனைவி. போன செவ்வாய்க்கிழமை ஒத்திகை என்று காலையிலிருந்து மத்தியானம் வரை அவள் வீட்டில் மௌனம் காத்தாளாம். அன்று அவள் வீட்டுச் சமையல்காரி ஒரு வசவும் இல்லாமல் அடி வாங்கினாள். அதுதான் வித்தியாசம்.

பக்கத்து வீட்டு ஹலீமா பீ வேலிப் பக்கம் நின்று எல்லாவற்றையும் விசாரித்தார். நோன்புக்காலத்தில் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள், பேச்சை யாரும் பட்டினி போடுவதில்லையாம். கடைசியில் என்னைப் பார்த்து, "மூணு நாளு இவங்கல்லாம் பேசாம இருந்தா, ஊருக்குத்தான் நன்மை ஜாஸ்தி, இல்லியா?" என்றார். எங்கள் சபையில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசியதில்லை.

இவரைக் கேட்டால், சாயபு தோல் மண்டியின் தலைமை ரைட்டர் என்ற கௌரவத்தோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்கு மூன்று நாள் மௌனம் போதாது, முப்பது நாள் வேண்டும் என்று அந்தப் பெண்களிடம் சொல்கிறார். அவர்களும் சிரிக்கிறார்கள். தபசுகாலத்துக்காக இவர் சுருட்டை விட்டுவிட்டார். மூக்குப்பொடி பிடித்துக்கொண்டார். இவருடைய பக்தி எல்லாம் இந்த வகைதான். ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டுக்கொள்வார்.

பேசினால் அபராதம் வேண்டும் என்று சொன்னதும் ஞானப்பூதான். ஒரு வார்த்தைக்கு ஒரு மெழுகுவர்த்தி, மாதா பீடத்தில். அது மட்டும் போதாது, யார் யார் வாய் திறந்தார்கள் என்று ஞாயிறு பூசை முடிவில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி வாசிக்க வேண்டும் என்றாள். சுவாமியார் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் வெளிறிப்போனார்கள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒருத்திக்கும் தைரியம் இல்லை. மணி அடித்த நிமிஷத்திலிருந்து சட்டம். மணி அடிக்கும் பொறுப்பு எனக்கு, ஏனென்றால் நான் பட்டணத்துக் காலேஜில் படித்தவள், மடத்துப் பள்ளியில் வாத்தியார், கையில் கடிகாரம் கட்டுகிறவள். படிப்புக்கு இங்கே கிடைத்த மரியாதை இதுதான், தேவகி. ஒரு மணி.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டு எழுதிவிட்டேன். இனிமேல் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கோவில் நடுவில் தடுப்பாக ஒரு மரக் கிராதி இருப்பது உனக்குத் தெரியும். ஒரு தடவை நீ என்னோடு வந்தபோது அது எதற்கு என்று கேட்டாய்; நான் பேச்சை மாற்றினேன். கிராதிக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம், தனி வாசல் வழியாக வந்து, தோல் மண்டிக் கூலிகள். நற்கருணை அப்பம்கூட எங்களுக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் போகும். கிராதி இருப்பதால் யாரும் யாரையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. மரம் சொல்லிவிடுகிறது. மலையடிப் பள்ளிக்கூடத்துச் சிறு கோவிலில் கிராதி இல்லை. அங்கே பிள்ளைகள் எல்லோரும் பாயில் கலந்து உட்காருகிறவர்கள். ஆகவே அங்கே யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஏன் சொல்ல வேண்டும் என்றால், அன்னம்மாள் பெயர் கொடுத்திருக்கிறாள். சாயபு மண்டியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள். புருஷன் கோலார் தங்கவயலுக்குப் போய்த் திரும்பாதவன். தானாகப் போய்ச் சுவாமியாரிடம் கேட்டிருக்கிறாள். சமைப்பதற்கும் பெருக்குவதற்கும் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் எழுதிக்கொண்டார். போன ஞாயிறு பூசைக்குப் பிறகு, அவள் சமைக்க வரவில்லை, பாயில் உட்கார வருகிறாள் என்று தெரிந்ததும், அவருடைய அறையில் ஒரு கலவரம்.

சாதி என்ற வார்த்தையை அந்த அறையில் ஒருத்தியும் உச்சரிக்கவில்லை. வாசனை என்றார்கள். பட்டை வாசனை வந்தால் தியானம் கலைந்துவிடுமாம். தேவகி, இந்த ஊரில் தோல் விற்காத காசில் வாங்கிய மூக்குத்தி ஒன்று இருந்தால் எனக்குக் காட்டு. ஞானப்பூ மட்டும் கொஞ்சம் நேராகச் சொன்னாள்: "வர வேணாம்னு யார் சொன்னா? வராந்தாவுல உக்காந்து கேக்கட்டும். கூப்பிட்ட குரலுக்கு ஒரு ஆள் இருந்தா நமக்கும் நல்லதுதானே." சுவாமியார் நல்லவர். கெட்டவராக இருந்தால் எதிர்க்கலாம். அவர் கைகளைக் கோத்துக்கொண்டு, வராந்தாவிலிருந்தாலும் சர்வேசுரனுக்குக் காது கேட்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அன்னம்மாள் பிள்ளைகள் என்னிடம் படிப்பதால் நான் சொன்னால் கேட்பாளாம். அவள் மனம் நோகாதபடி சொல்ல வேண்டுமாம். அந்தக் கூட்டத்தில் மனம் நோகாதபடி சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சரி என்று நானும் வந்துவிட்டேன். இவர் வழி நெடுக, நல்லபடியாக முடிந்தது என்று பொடி போட்டுக்கொண்டு வந்தார்.

திங்கள் மாலை ஆற்றுக்குப் போனேன். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்துக்கு மொண்டுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைப் புடவை துவைத்து மணலில் விரித்திருந்தது. கைகளில் முழங்கை வரை பட்டைக் கறை. என்னைக் கண்டதும், நான் எதற்கு வந்தேன் என்று கேட்காமல், தன் சந்தேகத்தைக் கேட்டாள்.

"டீச்சரம்மா, இருமல் வந்தா இன்னா பண்றது? இருமல் பேச்சுல சேருமா?"

பட்டைத் தூசி நெஞ்சில் தங்கிய இருமல். சேராது என்றேன். மெழுகுவர்த்தி வாங்க வேண்டியதில்லை என்று சிரித்தாள். மேஸ்திரி கன்னியப்பனிடம் மூன்று நாள் வரமாட்டேன் என்று சொன்னபோது, நீ பேசாமல் இருந்தால் மண்டியில் பட்டை தானாக இடித்துக்கொள்ளுமா என்று அவன் கேலி செய்தானாம். வேலைக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டாள். பிள்ளைகளையும் மாமியாரையும் பக்கத்துக் குடிசை எல்லம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். எல்லம்மா எங்கள் வேதம் அல்ல, மாரியம்மனைக் கும்பிடுகிறவள்.

எனக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டை வரை தயாராக இருந்தது. வழியெல்லாம் அதை மெருகேற்றிக்கொண்டு போயிருந்தேன். அதைத் தள்ளிப்போடுவதற்காக, ஏன் இந்த ஆசை என்று கேட்டேன். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"காலைல ஏ அன்னம்மான்னு ஆரம்பிச்சா படுக்கற வரைக்கும் கூப்ட்டுக்கினே இருக்காங்கம்மா. மண்டில ஒருத்தன், வீட்ல கெழவி, தெருவுல கடன்காரன். மூணு நாளு ஒருத்தரும் என்னைக் கூப்டாம இருக்கட்டும். அப்பவாவது சாமி கூப்புடறாரா, இல்லியான்னு கேட்டுப் பாத்துடறேன்."

பிறகு என் முகத்தில் என்ன கண்டாளோ, "ஞானப்பூ அம்மாவும் வர்றாங்களாமே. அவங்க பக்கத்துல உக்காரணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. ஒரு மூலை போதும். வராந்தா மட்டும் வேணாம். வராந்தால உக்காந்தா, ஏ அன்னம்மா தண்ணி கொண்டாம்பாங்க" என்றாள்.

சொல்லவில்லை. கெட்டித்தனத்தால் அல்ல, எனக்கு நாக்கு எழவில்லை. வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு நேராகப் பள்ளிக்கூடத்துக் கோவிலின் முன்வாசலுக்கு வந்துவிடு, அதற்கு முன்னால் வந்து யாரிடமும் பேச்சுக் கொடுக்காதே என்று மட்டும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவள் காரணம் கேட்கவில்லை. ஈரப் புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குடத்தோடு மேடேறிப் போனாள், இருமிக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் இவர், சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். தபசுகாலத்தில் சொன்ன பொய். பாவசங்கீர்த்தனத்தில் வெளிப்படுத்த வேண்டும், வெளிப்படுத்துவேன். அதற்காக மனஸ்தாபப்பட்டு வருந்துவேன் என்று மட்டும் தோன்றவில்லை. இவர் உடனே எழுந்துபோய் ஞானப்பூ வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு வந்தார். வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார், அவர்கள் கொடுத்ததாம். நான் தொடவில்லை. மேஜையில் மணிக்குப் பக்கத்தில் கறுத்துக்கொண்டிருக்கிறது.

என் கடிதங்களை உன் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுவதாகவும், இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பதாகவும் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாளாக அந்த வரி என்னைக் குத்துகிறது. இந்த ஊரில் நான் மதிக்கிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். மற்றவர்களை உனக்கு எழுதி, ரங்கூனில் சிரிக்க வைத்து, அதோடு கடமை தீர்ந்தது என்று உறங்கப் போகிறேன். கிராதிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கிராதியை இகழ்கிறவளுக்கும், அதை மெழுகு போட்டுத் துடைக்கிறவளுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன வித்தியாசம் தெரியும்?

நான் செய்ய நினைப்பதில் அன்னம்மாளுக்காக எவ்வளவு, ஞானப்பூவின் முகத்தைப் பார்ப்பதற்காக எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். ஒடுக்கத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்களே. முகத்தைப் பார்ப்பதற்கான பங்கு சிறியதல்ல. மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஆற்று மணலில் விரித்த அந்த வெள்ளைப் புடவை மிச்சமிருக்கிறது.

ஆகவே இதைக் கேள். இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. இவரிடமும் இல்லை, அன்னம்மாளிடமும் இல்லை. அவளிடம் சொல்லாதது சரியா என்று நீ கேட்பாய். அவர்கள் வேண்டாம் என்றது தெரிந்தால் அவள் வரமாட்டாள். அவ்வளவு ரோஷக்காரி. தெரியாமல் வந்து உட்காரட்டும். ஞாயிற்றுக்கிழமை நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் அப்போது திட்டட்டும், அபராதம் இல்லாத நேரத்தில்.

நாளை மாலை ஆறு மணிக்கு மணி அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் கடிகாரத்தைப் பார்க்கப் போவதில்லை. கோவில் வாசற்படியில், நாக்குக் கட்டிய மணியோடு நிற்பேன். எல்லோரும் திண்டு போட்டு உட்கார்ந்த பிறகு, அன்னம்மாள் அந்தப் படியைத் தாண்டிக் கால் வைக்கிற நிமிஷத்தில் துணியை அவிழ்த்து அடிப்பேன். அதற்குப் பிறகு ஒருத்தியும், எழுந்து போ என்று சொல்ல முடியாது. சொன்னால் வார்த்தைக்கு ஒரு மெழுகுவர்த்தி, ஞாயிற்றுக்கிழமை பெயர் வாசிப்பு. அவர்கள் போட்ட சட்டம், அவர்கள் பழகிய மௌனம். சைகை காட்டட்டும். தண்ணீருக்கும் காபிக்கும் விசிறிக்கும் சைகை கண்டுபிடித்தவர்கள் இதற்கு ஒன்று கண்டுபிடிக்கவில்லை. நான் அவளை மூலையில் உட்கார வைத்து, அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் என் பாயைப் போட்டுக்கொள்வேன். அவர்கள் என்னைத் தாண்டித்தான் அவளுக்குச் சைகை காட்ட வேண்டும். சாப்பாட்டுப் பந்தியிலும் மணி என் கையில்தான்.

சுவாமியாருக்கு மட்டும் பேச அனுமதி உண்டு. அவர் வேண்டுமானால் சொல்லட்டும். பீடத்தருகில் நின்று, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால், வாய் திறந்து, ஒரு கூலிக்காரியைப் பெயர் சொல்லி வெளியே அனுப்பட்டும். சொன்னால் நானும் அவளோடு எழுந்து வருவேன். மடத்துப் பள்ளியில் என் வேலை அதற்குப் பிறகு இருக்குமா என்று தெரியவில்லை. இவர் என்ன செய்வார் என்பது தெரியும்: யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாழைப்பழம் வாங்கி வருவார்.

இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லாம் ஒருவிதமாக முடிந்திருக்கும். இருந்தாலும் நீ விளக்கேற்றும் நேரத்தில், காலம் கடந்த வேண்டுதலையும் ஏற்றுக்கொள்கிற தெய்வம் யாராவது உன் பூஜையறையில் இருந்தால், எனக்காக ஒன்றும் கேட்காதே. அந்த மூன்று நாளும் அன்னம்மாளுக்கு இருமல் வராமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்.

பிள்ளைக்கு என் முத்தம்.

மாறாத அன்புடன்,
உன் சலேத்மேரி